பிஸ்கட் தின்ற கொசுப்புழுக்கள்

காலை ஒன்பது மணி. மேசை மேல் ஆறு காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கொசுப்புழுக்கள், முந்தைய நாள் காலையில் மருந்து ஊற்றி வைத்தவை. நியாயமாகப் பார்த்தால் எல்லாம் செத்து அடியில் கிடக்க வேண்டும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். அத்தனையும் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போய்க்கொண்டிருந்தன.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. கொசுவை ஒழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், கொசு பிழைத்துவிட்டது என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன்.

"அமலக்கா, ஒண்ணுகூடச் சாகலை" என்றேன்.

ஜன்னலோரம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த அமலோற்பவம் திரும்பிப் பார்த்தார். "ஏங்க மேடம் சாகணும்? நல்லாத்தானே பாத்துக்கிறோம்" என்றார்.

அந்தப் பதிலை அப்போதே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. இரண்டு காப்பி சொல்லி அனுப்பினேன்.

மாணிக்கத்தின் வழக்கு

தென்னூரில் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் ஆய்வுக்கூடம். நான் அங்கே பூச்சியியல் உதவியாளர். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பதில் சொன்னதும் அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் கணவர் மட்டும், "எங்க வீட்ல கொசு டாக்டர் இருக்காங்க, ஆனா கொசுவலை கிழிஞ்சு கெடக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

கதை நடந்தது ஒரு மாசி மாதம். கொரோனா முகமூடிகள் பையின் அடியில் கசங்கிக் கிடந்த காலம். மழைக்காலம் முடிந்து சாக்கடைகளில் தண்ணீர் ஓட்டம் குறைந்து, ஸ்ரீரங்கத்தில் கொசு பிடுங்கி எடுத்தது. புகார் மேல் புகார். எல்லாப் புகாரும் அடையவளஞ்சான் வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்திலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும்தான்.

அந்தச் சந்துக்கு மருந்து அடிப்பவர் மாணிக்கம். ஐம்பது வயதிருக்கும். மேலூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஒப்பந்தத் தொழிலாளி. முன்பு தொட்டியம் பக்கம் வாழைத்தோப்புகளில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர். ஒரே மகள். துவாக்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தால் மூன்றாவது வாக்கியம் அந்தப் பெண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆபீசர் நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறவர். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், ரெண்டுல ஒண்ணு. மருந்து வேலை செய்யலை, இல்ல மாணிக்கம் வேலை செய்யலை. கொசு மருந்துக்குப் பழகிருச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தா மருந்தை மாத்திடறேன். பழகலைன்னா ஆளை மாத்திடறேன். ஒண்ணாந்தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கணும்."

கோப்பையில் அந்தச் சந்துப் புழு பிழைத்தால் மாணிக்கம் பிழைப்பார். புழு செத்தால் அவர் வீட்டுக்குப் போவார். நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கொசுவுக்கு வரன் பார்த்த கதை

இங்கே கொஞ்சம் மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சாக்கடையில் அடித்தது ரசாயனம் இல்லை. பாக்டீரியாவிலிருந்து செய்த தூள். மீனுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றும் ஆகாது. கொசுப்புழு அதைத் தின்றால் வயிறு புண்ணாகிச் செத்துவிடும். தின்றால்தான் சாகும், மேலே பட்டால் ஒன்றும் செய்யாது. வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் இதே வேலை பார்த்த நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இதில் இரண்டு ரகம். ஒன்று சாக்கடையில் நன்றாக நின்று வேலை செய்யும். ஆனால் ஒரே மாதிரி விஷம் என்பதால், திரும்பத் திரும்ப அதையே கொடுத்தால் புழு பழகிவிடும். இன்னொன்றில் நாலைந்து விஷம் சேர்ந்திருக்கும். அதற்குப் பழகுவது புழுவுக்குச் சிரமம். ஆனால் அழுக்குத் தண்ணீரில் சீக்கிரம் வலுவிழக்கும். ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். எந்த வார்டுக்கு எந்த மாதம் எது என்று மூன்று கலர் பேனாவில் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அந்த அட்டவணை மேல் எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொசு பழகிவிட்டது என்று எழுதினால் அந்த அட்டவணை தோற்றது என்றும் அர்த்தம். அது கூட அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது ஒரு மூலையை மருந்து அடிக்காமல் விட்டுவைப்போம். அங்கே பிறக்கிற சாதாரணக் கொசு, மருந்துக்குப் பழகிய கொசுவோடு சேர்ந்தால் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் குறையும் என்று ஒரு கணக்கு. அப்படி விட்டுவைத்த மூலை, உத்திர வீதியில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் அமைந்துவிட்டது.

"ஏம்மா, ஊர் பூரா அடிக்கறேள், எங்காத்துக்குப் பின்னாடி மட்டும் அடிக்கலையே. நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ எங்காத்துக் கொசுவெல்லாம் மாப்பிள்ளை. நீங்க வரன் பார்க்கறேள்."

"அப்படித்தான் வச்சுக்குங்க சார்."

மறுவாரம் வழியில் பார்த்தபோது நிறுத்தி, "மாப்பிள்ளைகள் ராத்திரி பூரா எங்களைத் தூங்க விடலை. சீக்கிரம் முகூர்த்தத்தை வையுங்கோ" என்றார்.

தொட்டியத்து விருந்தாளிகள்

காப்பியைக் குடித்துவிட்டு, 'அனைத்துப் புழுக்களும் உயிருடன்' என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆபீசரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"ஸ்ரீரங்கத்துப் புழு சாகலை, சரி. மருந்தே படாத ஊர்ப் புழு இதே மருந்துல சாகுதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியதே அதுதான். மாணிக்கத்துக்காக அவசரப்பட்டதில் விட்டுவிட்டேன். அந்தத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே தொட்டியத்துக்கு பஸ் ஏறினேன். காவிரிக்கரையில் வாழைத்தோப்புகளுக்கு நடுவே ஒரு மாட்டுக்கொட்டகை, அதன் பின்னால் தேங்கிய தண்ணீர். அங்கே யாரும் எந்த மருந்தும் அடித்ததில்லை என்று கொட்டகைக்காரர் உறுதியாகச் சொன்னார். நான் கரண்டியால் அள்ளி அள்ளி பிளாஸ்டிக் கேனில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் வேணும்னா ஒரு போன் பண்ணுங்க, நானே கொண்டாந்து தரேன்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டேன். மூடியில் காற்றுக்காக ஓட்டைகள். முசிறி தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னங்கம்மா அது, மீன் குஞ்சா?"

"கொசுப்புழுங்க."

அவர் மூடி ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். "திருச்சியில இல்லைங்களா?"

"இருக்கு. இது வேற மாதிரி. மருந்தே பாக்காதது."

"நல்ல இடத்துப் புழுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேர் சீட்டில் நான் தனியாக, வசதியாக வந்தேன்.

இரண்டு பிஸ்கட்

இந்த முறை பன்னிரண்டு கோப்பைகள். ஆறு ஸ்ரீரங்கம், ஆறு தொட்டியம். காலையில் நான் மருந்தை அளந்து ஊற்றினேன். மறுநாள் வந்து பார்த்தால் ஸ்ரீரங்கமும் சாகவில்லை, தொட்டியமும் சாகவில்லை.

மருந்தின் வாசனை கூடப் படாத மாட்டுக்கொட்டகைப் புழு அதற்குப் பழகியிருக்க வழியே இல்லை. மருந்துப் பாக்கெட்டைப் பார்த்தேன், புதுசு. தண்ணீரைப் பார்த்தேன், வழக்கமாகப் பிடிப்பது. பிறகுதான் ஒரு கோப்பையின் அடியில் பழுப்பாகப் படிந்திருந்ததைக் கவனித்தேன்.

"அமலக்கா, இது என்ன?"

"பிஸ்கட்டுங்க மேடம்."

புழு வளர்க்கிற தொட்டிகளில் பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுவது வழக்கம்தான். சோதனைக் கோப்பையில் போடக்கூடாது.

"இதுல எப்ப போட்டீங்க?"

"நீங்க மருந்து ஊத்தறதுக்கு முன்னாடிங்க. தினமும் போடறதுதான். போன தடவையும் போட்டேன்."

"ஏன்க்கா?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "வெறும் வயித்துல மருந்து குடுக்கலாங்களா?"

அமலோற்பவம் எங்களிடம் வருவதற்கு முன் புத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவர். வயிற்றில் ஒன்றுமில்லாமல் மாத்திரை போட்டு வாந்தி எடுத்த நோயாளிகளைக் கழுவித் துடைத்தே பல வருஷங்கள் ஓட்டியவர். இரண்டு பிஸ்கட் தராமல் ஒருவருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையைத்தான் என் கோப்பைகளில் தூவியிருந்தார். பிஸ்கட்டால் வயிறு நிறைந்த புழு மருந்தைச் சீண்டவே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "அக்கா, அது பொழைக்கறதுக்குக் குடுக்கற மருந்து. இது சாகறதுக்குக் குடுக்கற மருந்து."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாகப்போகுதுன்னா பசியோட போகணுங்களா மேடம்?" என்றார்.

நான் பன்னிரண்டு கோப்பைகளையும் கொட்டிவிட்டு வந்தேன்.

மேசை டிராயர்

மூன்றாம் முறை பிஸ்கட் டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சோதனை செய்தேன். மறுநாள் காலை எல்லாப் புழுக்களும் அடியில் கிடந்தன. ஸ்ரீரங்கம், தொட்டியம் என்று ஒரு பேதமும் இல்லை. அமலக்கா எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கொசு பழகவில்லை. மருந்து சரி. என் அட்டவணையும் சரி. அப்படியானால் மாணிக்கம்தான் சரியில்லை.

முதல் தாள் என் டிராயரில்தான் இருந்தது. அதோடு தொட்டியத்துப் புழு மட்டும் செத்தது என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. பிஸ்கட் விஷயம் அமலக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இரண்டு நாள் அந்தத் தாளை எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தேன். கொடுத்தால் ஒரு நல்ல மருந்தைக் காரணமே இல்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு சாக்கடையில் நாற்றமடிக்கும் கொசு எண்ணெயை ஊற்றச் சொல்வார்கள். கொடுக்காவிட்டால் துவாக்குடிப் பெண்ணின் படிப்பு நின்றுபோகும். நான் பொய் சொல்லத் துணிந்தவள்தான் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, எது சரி என்று தெரிந்தும் செய்யக் கை வராதது எரிச்சலாக இருந்தது.

இதற்கு நடுவில் மாணிக்கமே வந்து நின்றார். "என்னங்க மேடம், கொசு பொழைச்சிருச்சுங்களா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் புதன்கிழமை, அந்தச் சந்துக்கு மருந்து அடிக்கிற நாள். காலையில் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மாணிக்கம் என்னதான் தப்பு செய்கிறார் என்று என் கண்ணால் பார்த்துவிடுவது, பிறகு ஆபீசரிடம் கெஞ்சுவது என்று முடிவு செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன்.

சாத்தமுதும் சாக்கடையும்

மாணிக்கம் ஒரு தப்பும் செய்யவில்லை. மருந்தை டம்ளரில் அளந்தார். தண்ணீரை அளந்தார். தோளில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு ஓரடி விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். சந்தின் நடுவில் வந்ததும் நின்று, ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு?"

"கொஞ்சம் இருங்க மேடம். இப்ப வந்துரும்."

எதிரே ஒரு சமையல் காண்டிராக்டர் வீட்டின் பின்கட்டு. கல்யாணங்களுக்கும் யாத்திரை பஸ்களுக்கும் தினமும் அங்கேதான் சமையல். சுவரிலிருந்த குழாய் வழியாகச் சாக்கடையில் வெள்ளை வெளேரென்று கஞ்சி இறங்கியது. பின்னாலேயே பெருங்காய வாசனையோடு கொஞ்சம் ரசம், அவர்கள் வீட்டு வழக்கில் சாத்தமுது. அது பரவி முடியும்வரை காத்திருந்த மாணிக்கம் எழுந்து ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டார்.

"கஞ்சி வந்தப்புறம்தான் அடிப்பீங்களா?"

"ஆமாங்க. வாழைக்கு அடிக்கறப்ப கஞ்சி கலந்துதான் அடிப்போம். இல்லாட்டி மருந்து எலையில ஒட்டாது, வழிஞ்சிரும். இங்க தினமும் சும்மாவே கெடைக்குது. வேற ஆளா இருந்தா முன்னாடியே அடிச்சிட்டுப் போயிருவாங்க. நான் பொறுப்பா நின்னு அடிக்கிறேன்."

மதகுக் கட்டையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். கீழே சாக்கடையோரம் புழுக்கள் கூட்டம் கூட்டமாகக் கஞ்சியில் வாய் வைத்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் அமலக்கா இரண்டு பிஸ்கட் கொடுத்தார். இங்கே மாணிக்கம் விருந்தே முடிய விட்டு, அப்புறம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாணிக்கம் பயந்துபோய் பாட்டில் தண்ணீரை நீட்டினார்.

அன்றே அந்தச் சாக்கடைத் தண்ணீரைக் கஞ்சியோடு கொஞ்சம், கஞ்சி வருவதற்கு முன்னால் உள்ள இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, இரண்டிலும் புழுவும் ஒரே அளவு மருந்தும் விட்டு ஆபீசர் மேசை மேலேயே சோதனை வைத்தேன். மறுநாள் கஞ்சிக் கோப்பையில் புழு நீந்தியது. மற்றதில் செத்துக் கிடந்தது.

ஆபீசர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மருந்தும் சரி, ஆளும் சரி. தப்பு யாரு மேல?"

"பசி இல்லாததுதான் சார் தப்பு. இப்படியே விட்டா அரைகுறையா மருந்து தின்னு பொழைக்கற புழு பெருகும். அப்புறம் நெஜமாவே பழகிரும்."

அவருக்கு மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்பதே பெரிய ஆச்சரியம். ஒண்ணாந்தேதி ஒப்பந்தத்தில் மாணிக்கத்தின் பெயர் இருந்தது.

மிச்சமிருந்தது அந்தச் சமையல் காண்டிராக்டர். சௌந்தரராஜன் சுவாமி என்று பெயர். பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் மாணிக்கமும் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கொசு வெறும் வயித்தோட இருக்கணுங்கறதுக்காக அடியேன் தளிகையை நிறுத்தணுமா?"

"சமையலை நிறுத்த வேண்டாம் சுவாமி. புதன், வியாழன் ரெண்டு நாள் மட்டும் கஞ்சி சாக்கடைக்குப் போக வேண்டாம்."

"வேற எங்கே விடறது? தலையிலயா விட்டுக்கறது?" என்றார். பிறகு மாணிக்கத்தைப் பார்த்து, "இத்தனை நாள் அடியேன் ஆத்துச் சாத்தமுதைத்தான் கொசு சாப்பிட்டுண்டு இருந்துதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. அதனாலதான் மருந்தையே தொட மாட்டேங்குதுங்க."

சுவாமியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பக்கத்துத் தெரு மாட்டுக்காரர் ஒருவர் டிரம் வைத்துக் கஞ்சியை எடுத்துக்கொள்வது என்று ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டோம். ரசம் மாட்டுக்கு ஆகாது என்பதால் புதன், வியாழனில் மிஞ்சாதபடி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். பங்குனி பிறந்தபோது புகார் நின்றிருந்தது.

ஒரே ஒரு தேங்காய்

இந்த அத்தியாயத்தை எழுதுமுன் மாணிக்கத்துக்குப் போன் செய்தேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் இன்னும் அதே சந்துக்குத்தான் அடிக்கிறார். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அதை மூன்றாவது வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷமாக அவரிடம் மறைத்ததை அன்று சொன்னேன். டிராயர், அந்தத் தாள், இரண்டு நாள், நானே அதைக் கிழித்தது. உங்கள் வேலை போய்விடும் என்று தெரிந்தே கிழித்தேன் என்றும் சொன்னேன்.

"தெரியுங்க மேடம்" என்றார். "அமலக்கா அன்னிக்கே சொல்லிருச்சு. குப்பையில கிழிஞ்ச தாளைப் பாத்துச்சாம்."

அவரே தொடர்ந்தார்.

"அந்த ரெண்டு நாளும் உச்சிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டேங்க. கொசு சாகக்கூடாது, பொழைக்கணும்னு. நூத்தியெட்டு தேங்காய் ஒடைக்கிறதா வேண்டுதல். கொசு மருந்து அடிக்கறவன் வேண்டற வேண்டுதலாங்க அது? ஆனா வேண்டிக்கிட்டேன்."

"ஒடைச்சீங்களா?"

"எப்படிங்க? கொசுதான் செத்துப்போச்சே. ஆனா வேலையும் தங்கிருச்சு. ஒடைக்கணுமா வேணாமான்னு ஒரு மாசம் யோசிச்சேன். அப்புறம் மலை ஏறிப் போயி ஒண்ணே ஒண்ணு ஒடைச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க அந்தத் தாளைக் கிழிச்சீங்கல்ல, அதுக்குங்க. கிழிக்காம இருந்தா நீங்க அன்னிக்குச் சந்துக்கு வந்திருக்க மாட்டீங்க."

போனில் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. புதன்கிழமை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"வச்சிரட்டுங்களா மேடம்? மாட்டுக்காரர் டிரம்மோட வந்துட்டாரு, கொசு பசியோட இருக்கும்" என்றார் மாணிக்கம்.